ஞானசிங் வாத்தியாரின் அடிக்குறிப்பு

பனவிளை மிஷன் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பு வாத்தியார் ஞானசிங் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார் என்றால் அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முதலில் தொண்டையைச் செருமுவார். அடுத்து மேல்துண்டை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் போடுவார். அதற்குப் பிறகு மனைவி நேசபாயிடம் போய்த் தீர்மானத்தைச் சொல்வார். அவள் “கொள்ளாம்”, அதாவது ‘நல்லது’, என்று சொன்ன பிறகுதான் அது தீர்மானம். இந்தக் கடைசி அடையாளம் மட்டும் ஊருக்குத் தெரியாது. வாத்தியாருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

கொல்லம் 1112-ஆம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்குக்கு 1936, ஆவணி மாதம் ஒரு நாள் காலையில் துண்டு தோள் மாறியது.

“நேசம், இந்த வருசம் அறுப்பின் பண்டிகைக்குக் கட்டுரைப் போட்டி உண்டும். பொருள் என்ன தெரியுமா? ‘நாவலும் பேசும்படமும்.’ முதல் பரிசு எனக்கு.”

“இன்னும் எழுதவே இல்லியே?”

“எழுதினா எனக்குத்தான்.”

“கொள்ளாம்,” என்றாள் நேசபாய்.

வாத்தியார் ஆசைப்பட்டதில் காரணம் இருந்தது. சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் இடம் ஒன்று காலி. அறுப்பின் பண்டிகை முடிந்து இரண்டாம் மாதம் ஆள் தேர்ந்தெடுப்பார்கள். முதல் பரிசு வாங்கியவனை விட்டுவிட்டு வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? அதோடு, பனவிளைச் சபையில் ஒரு வழக்கமும் இருந்தது. முதல் பரிசு வாங்கிய கட்டுரையின் கடைசிப் பாராவில் என்ன வேண்டுகோள் இருக்கிறதோ, அதைக் கமிட்டி அப்படியே தீர்மானமாக எழுதிக்கொள்ளும். போன வருஷம் இப்படித்தான் கோயில் முற்றத்தில் ஆடு கட்டுவது நின்றது.

ஆனால் ஒரு சிக்கல். நாவலைப் பற்றி எழுதவேண்டும். வாத்தியார் நாவல் வாசித்ததில்லை. பேசும்படத்தைப் பற்றி எழுதவேண்டும். வாத்தியார் படம் பார்த்ததில்லை. இரண்டையும் இனிமேல் செய்யவும் முடியாது. போன வருஷம் நாகர்கோவிலில் தகரக் கொட்டகை போட்டுப் பேசும்படம் காட்டத் தொடங்கியபோது, சபையில் ஒரு பிரதிக்கினைப் புத்தகம் வைத்து, “நாவல் தொடேன், பேசும்படம் பாரேன்” என்று தம்மையும் சேர்த்து நாற்பத்து மூன்று ஆண்களிடம் கையெழுத்து வாங்கியவரே இவர்தான். மீறியவனுக்கு மூன்று மாதம் கோயிலில் இராப்போஜனத்து அப்பமும் ரசமும் கிடையாது. பெண்களிடம் கையெழுத்து வாங்கவில்லை. “புருஷன் போட்டால் பெண்ஜாதி போட்ட மாதிரிதான்” என்று அன்றைக்கு வாத்தியாரே எழுந்து நின்று சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தை ஓர்மையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பொத்தாம்பொதுவாக நாலு வசை எழுதிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கட்டுரைகளுக்கு நடுவர், பூதப்பாண்டி நாராயணபெருமாள் பிள்ளை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக்கு வெளியாள், அதனால் ஓரவஞ்சனை இராது என்று போதகர் போய் அழைத்து வந்தார். பிள்ளை நிபந்தனையை அச்சடித்தே அனுப்பியிருந்தார். நாவலிலிருந்து எடுத்துக் காட்டினால் பக்க எண்ணை அடிக்குறிப்பில் போடவேண்டும். அந்த நாவலைப் படமாக எடுத்திருந்தால் அதையும் தனியே காட்டி, எந்தக் காட்சி, எத்தனையாவது பாட்டு என்று குறிக்கவேண்டும். கண்ணால் காணாததைக் கண்டதாக எழுதலாகாது. பிறர் கண்டதைக் கேட்டு எழுதினால், கண்டவர் பெயரைப் போடவேண்டும்.

வாத்தியார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அடுக்களை வாசலில் போய் நின்றார். நேசபாய் மடியில் லேஸ் தலையணையை வைத்துக்கொண்டு நூல் சுற்றிய கோல்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் மிஷன் லேஸ் வீட்டில் இருபது பெண்களோடு உட்கார்ந்து பின்னுவாள். மிச்சத்தை வீட்டில் பின்னுவாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, முடிந்த லேஸை நாகர்கோவிலில் ஒப்படைத்து வருவாள்.

“ஏட்டி, நீங்க லேஸ் பின்னுக இடத்திலே எவளோ நாவல் வாசிச்சுக் குடுக்காளாமே?”

“அப்படியா?”

“‘மரகதாம்புஜம் அல்லது மாயமாய்ப் போன மாப்பிள்ளை’ன்னு ஒரு நாவலாம். அதைப் பேசும்படமாட்டும் எடுத்துப் போட்டான் பாவி.”

“அப்படியா?”

“வாசிக்கது யாருன்னு உனக்குத் தெரியாதா?”

“நான் நூலைப் பாப்பேனா, ஆளைப் பாப்பேனா? ஒரு கோல் தப்பினா ஒரு முழம் அவுக்கணும்.”

அந்த ‘எவளோ’ யார் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். போர்டிங் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்து, வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள் அந்த லேஸ் வீட்டில் ஒருத்திதான். வாத்தியாருக்கு மட்டும் புரியவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் களவையெல்லாம் முதுகாலேயே கண்டுபிடிக்கும் மனிதர், வீட்டுக்குள் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

“எனக்கு அந்தக் கதை முழுசும் வேணும் நேசம். பக்க எண்ணோட.”

“நீங்களே வாசிக்கப்பிடாதா?”

“நான் எப்படி? பிரதிக்கினை உண்டுல்லா?”

“தொடேன்னுதானே எழுதினிய? தொடாம வாசியுங்க. நான் பக்கத்தைத் திருப்பித் தாறேன்.”

“வாசிக்கதும் தொடுகதும் ஒண்ணுதான்.”

“அப்போ கேக்கது?”

“கேக்கது ஆராய்ச்சி.”

“லேஸ் வீட்டிலே பெண்ணுங்களும் கேக்கதுதானே செய்யுது?”

“அது பாவம்.”

நேசபாய் ஒரு ஊசியைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் குத்தினாள். “சரி, கடைசியிலே என்னதான் எழுதப் போறிய?”

வாத்தியார் கடைசிப் பாராவைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து எடுத்து, நின்றபடி வாசித்தார். “ஆகையால், லேஸ் வீட்டில் நடைபெறும் நாவல் வாசிப்பை உடனே நிறுத்தி, அதற்குப் பதிலாக உபதேசியாரைக் கொண்டு தினந்தோறும் நான்கு மணி நேரம் பிரசங்கம் வாசிப்பிக்கும்படி கமிட்டியாரை வேண்டுகிறேன்.”

கோல்களின் சத்தம் நின்றது. காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராத இருபது கழுத்துகளுக்கு அந்தக் கதை ஒன்றுதான் ஆறுதல். போதாததற்கு உபதேசியாருக்கு வெற்றிலை எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசும் வழக்கம். வெள்ளை லேஸ் என்ன கதியாகும்? நேசபாய் நின்றுபோன கோல்களை மறுபடி எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“கொள்ளாம்,” என்றாள். “லேஸ் வீட்டு ராகேல் அக்கா அதையெல்லாம் கேட்டிருப்பா. அவகிட்ட கேட்டு நாளுக்குக் கொஞ்சமாட்டுச் சொல்லுகேன்.”

மறுநாள் கதை தொடங்கியது. கல்யாணம் முடிந்த அன்றே மரகதாம்புஜத்தின் மாப்பிள்ளை மாயமாய்ப் போய்விட்டான். தேடாத இடமில்லை. மரகதாம்புஜம் தலைப்பாகை கட்டி, மீசை ஒட்டி, ஆண்வேஷத்தில் துப்பறியப் புறப்பட்டாள். முப்பத்தோராம் பக்கம்.

“அப்புறம்?” என்றார் வாத்தியார்.

“அப்புறம் தேங்கா திருவணும். சோத்துக்கு நேரமாச்சு.”

“நீ சொல்லு. நான் திருவுகேன்.”

நூற்றெட்டாம் பக்கத்தில் மரகதாம்புஜம் ஒரு பாழ்மண்டபத்துக்குள் நுழைந்தபோது குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது. வாத்தியார் ஓடிப்போய்க் கோரிக்கொண்டு வந்தார். நூற்றைம்பதில் வில்லன் வாளை உருவினான்; மீன் கழுவ ஆளில்லை. இருநூற்றுப் பதினாலில் மீசை கீழே விழுந்தது, மிளகாய் அரைபடவில்லை. ஒரு வாரத்துக்குள் வாத்தியார் அடுக்களையில் தெரியாத வேலையே இல்லை என்று ஆனது. கட்டுரையும் முப்பது பக்கம் வளர்ந்தது.

ஒரே ஒரு தரம் சந்தேகம் தட்டியது. “ஏட்டி, ராகேலுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாதே. பக்க எண்ணை எப்படிச் சொல்லுகா?”

“எழுத்து தெரியாததுனாலதான் எண்ணு மட்டும் நல்லா ஓர்மையிலே நிக்கும்.”

நியாயம்தான் என்று பட்டது. எழுதிக்கொண்டார்.

இனி படம். வாத்தியார் லேஸ் தலையணையை ஓரமாக நகர்த்தப் போனபோது, அதன் அடியிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் விழுந்தது. ‘மரகதாம்புஜம்’ படத்துப் பாட்டுப் புத்தகம். முப்பத்தெட்டுப் பாட்டு.

“இது எங்கேருந்து வந்தது?”

“நாகர்கோவில்லே கடலை பொதிஞ்சு தந்தான்.”

“முழுப் புத்தகத்திலயுமா?”

“கடலை நிறைய வாங்கினேன்.”

ஆண்டவரே கொண்டுவந்து கையில் போட்டதாக வாத்தியார் நினைத்தார். பாட்டுப் புத்தகம் நாவல் அல்ல, படமும் அல்ல; பிரதிக்கினையில் அதன் பெயரே இல்லை. உட்கார்ந்து கதைச்சுருக்கத்தை வாசித்தார். மாப்பிள்ளை போனது, மீசை வந்தது, மண்டபம், வாள் எல்லாம் இருந்தன. கடைசி வரியில் கப்பல் கவிழ்ந்தது. ‘மரகதாம்புஜம் மணாளனைக் கண்டாளா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’

“நேசம், மீதி என்ன?”

நேசபாய் அடுப்பை ஊதிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். “என்னத்தைச் சொல்ல. கிணத்திலே சாடிச் செத்துப் போனா.”

வாத்தியாருக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. ஒரு பெண் செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர் அதற்கு முன் பனவிளையில் இல்லை. நாவலும் படமும் குடும்பப் பெண்களைக் கிணற்றுக்குத்தான் கொண்டுபோகும் என்பதல்லவா அவருடைய கட்டுரையே!

“எந்தப் பக்கம்?”

“முன்னூத்தி எழுபத்தி ரெண்டு.”

“படத்திலயும் கிணறுதானா?”

“புத்தகத்திலே உள்ளதைத்தானே படம் எடுப்பான்?”

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. அதையும் எழுதிக்கொண்டார்.

புரட்டாசி நடுவில் அறுப்பின் பண்டிகை வந்தது. கோயில் முற்றத்துப் பந்தலில் நெற்கட்டும் பூசணியும் வாழைக்குலையும் குவிந்து கிடந்தன. ஏலத்துக்கு வந்த செஞ்சேவல் ஒன்றைப் பந்தல்காலில் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், பிரதிக்கினை எடுத்த நாற்பத்து மூன்று பேரும் முன்வரிசையில். மறுபக்கம் பெண்கள். நடுவில் போதகரும் நாராயணபெருமாள் பிள்ளையும்.

வாத்தியார் எழுந்து, தொண்டையைச் செருமி, துண்டைத் தோள் மாற்றி வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் குரலைத் தாழ்த்தி, “நாவல், பக்கம் நூற்றெட்டு, பேசும்படம், பன்னிரண்டாம் பாட்டு” என்று சொன்னபோது பிள்ளையின் தலை தானாகவே ஆடியது. வெள்ளைக்கார தேசத்துக் கல்லூரிகளில்கூட இப்படி எழுதமாட்டார்கள் என்று பிள்ளை போதகரின் காதில் சொன்னார். பெண்கள் பக்கம் ஒரு தலைகூட அசையவில்லை.

“இறுதியில் அந்த அபலை என்ன செய்தாள்? கிணற்றில் குதித்து மாண்டாள்! நாவல், பக்கம் முந்நூற்று எழுபத்திரண்டு. பேசும்படம், கடைசிக் காட்சி!”

முன்வரிசையில் ஒரு சலசலப்பு.

“கிணறா?” என்றார் சபைப் பொக்கிஷதாரர் ஜேசுதாஸ். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் இருமினார். அதற்குப் பின்னால் இருந்தவர் குனிந்து இல்லாத செருப்பைத் தேடினார். ஒருத்தர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. போதகருக்குத் திடீரென்று ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டை முகத்தை விட்டு இறங்கவில்லை.

பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சந்தேகம்.

“ஓய் வாத்தியாரே, கடைசிக் காட்சிக்கு ஆதாரம்?”

“பாட்டுப் புத்தகம், ஐயா.”

பிள்ளை புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். “இதிலே கிணறு எங்கேய்யா இருக்கு? மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னுல்லா போட்டிருக்கு! நீர் கண்டீரா?”

“காணல்லை ஐயா. பிரதிக்கினை...”

“எனக்குக் கண் மங்கல், கொட்டகைக்குப் போகமுடியாது.” பிள்ளை முன்வரிசையைப் பார்த்தார். “இங்கே யாராவது இந்தப் படத்தைப் பார்த்தது உண்டா? கிணறு உண்டா இல்லையா? சொன்னா தீர்ந்துபோச்சு.”

நாற்பத்து மூன்று பேருக்கும் தெரியும். வாத்தியார் ஒருத்தரைத் தவிர நாற்பத்திரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாயைத் திறந்தால் மூன்று மாதம் இராப்போஜனம் கிடையாது. நாற்பத்திரண்டு பேரும் பந்தல் ஓலையை எண்ணத் தொடங்கினார்கள். 

“நீர்?”

“அறியேன் ஐயா.”

“நீர்?”

“நான் அந்தப் பக்கமே போனதில்லை ஐயா.”

“நீர்?”

“படமா? அப்படீன்னா?” என்றார் பொக்கிஷதாரர்.

பந்தல்காலில் கட்டியிருந்த செஞ்சேவல் அந்த நேரம் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கூவியது. வேதத்தில் சீஷன் மூன்று தரம் மறுதலித்ததும் சேவல் கூவியது ஓர்மைக்கு வந்து, போதகர் மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நேசபாய் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள்.

“ஐயா, எனக்கு ஒரு காரியம் சொல்லணும். இவங்க அந்த நாவலைத் தொட்டதுமில்லை, அந்தப் படத்தைப் பாத்ததுமில்லை. பிரதிக்கினையை இம்புட்டுச் சுத்தமா காத்த ஆளு இந்தப் பந்தல்லே வேற உண்டான்னு நான் கேக்கல்லை.”

கேட்காததே நல்லது என்று நாற்பத்திரண்டு பேரும் நினைத்தார்கள்.

“ஆனா காணாததை எழுதினா கட்டுரை நிக்காது. அதனாலே, இவங்க ஒருதரம் போய்க் கண்டுட்டு வந்து, திருத்தி எழுதட்டும். ஆராய்ச்சிக்காகப் போகதுக்குப் போதகர் ஐயா உத்தரவு தரணும்.”

“தந்தேன்,” என்றார் போதகர், கைக்குட்டைக்குள்ளிருந்து.

“பரிசை ஒரு மாசம் நிறுத்தி வைக்கேன்,” என்றார் பிள்ளை.

“வாத்தியார் ஒத்தையிலே போனா சாட்சிக்கு ஆள் வேண்டாமா?” என்றார் பொக்கிஷதாரர். “சபைக்காக நான் வேணும்னா அந்தக் கஷ்டத்தைச் சகிச்சுக்கிடுகேன்.”

அடுத்த நொடியில் சபைக்காகக் கஷ்டப்பட நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. இவ்வளவு தியாகிகள் தம் சபையில் இருப்பது போதகருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“சாட்சிக்குப் பெண்ஜாதி போனா போதும்,” என்று முடித்தார் போதகர். “புருஷன் போட்டா பெண்ஜாதி போட்ட மாதிரிதான்னு வாத்தியாரே சொன்னதுதானே. அப்போ பெண்ஜாதி பாத்தா புருஷன் பாத்த மாதிரி. கணக்கிலே ஒரு ஆள்தான் வரும்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாத்தியார் ஒடைமரம் வரைக்கும் முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு கேட்டார். “கிணறு இல்லைபோலிருக்கே?”

“ராகேல் அக்கா வேற கதையிலே உள்ள கிணத்தைச் சொல்லிட்டாளோ என்னவோ. பாவம், எழுத்து தெரியாதவ.”

“எண்ணு ஓர்மையிலே நிக்கும்னியே?”

“எண்ணு நின்னுதே. கிணறுதானே நிக்கல்லை?”

அடுத்த சனிக்கிழமை பகல் காட்சிக்கு இருவரும் பஸ் ஏறினார்கள். வாத்தியார் அடிக்குறிப்புக்காக ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டார். தகரக் கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல்; உள்ளே நடுவில் இடுப்பளவு பலகைத் தட்டி. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் சத்தியபாய், நேசபாயைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“எக்கா! இது நாலாவது தரமா? தூணு மறைக்காத இடம் போட்டு வச்சிருக்கேன், ஓடி வாங்க.”

வாத்தியார் ஆண்கள் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்தவர் வைத்தபடி நின்றார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. லேஸ் ஒப்படைக்கப் போகிற நேசம் கண் சிவந்து திரும்பி வந்த சனிக்கிழமைகள். பாவம், லேஸ் பின்னிப் பின்னி இவள் கண் கெட்டுப்போகிறதே என்று மனம் இளகி, அந்தியில் நந்தியாவட்டைப் பூப் பறித்து வந்து அவள் கண்ணில் ஒற்றிவிட்டாரே, மூன்று தரம்! மூன்று தரமும் அவள் “சொகமாட்டு இருக்கு” என்றாளே! கோபப்படவேண்டும் என்று நினைத்தார். பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் உள்ளே போய் விழுந்துவிட்டார்.

படம் தொடங்கியது. முதல் மூன்று காட்சியைப் பாட்டு எண்ணோடு குறித்துக்கொண்டார். நாலாம் காட்சியில் அரசவையில் நாட்டியம் வந்தது. வாத்தியார் ஆராய்ச்சிக்காரர்தான், ஆனாலும் சபை மனிதர். கண்ணை மூடிக்கொண்டார். நாட்டியம் நீண்டது. காலையில் மிளகாய் அரைத்த களைப்பு. கொட்டகைக்குள் நல்ல இருட்டு.

அவர் கண்ணைத் திறந்தபோது கொட்டகைக் கதவுகளைத் திறந்து வெயிலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நேசபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

பஸ் சுங்கான்கடை தாண்டும்வரை வாத்தியார் பொறுத்துப் பார்த்தார். பிறகு, வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தக் கடைசிக் காட்சி... நீ எப்படி அதைப் புரிஞ்சுக்கிட்டே?”

“நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டிய?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“மீதியை வெள்ளித்திரையிலேயே கண்டிருக்கணும்,” என்றாள் நேசபாய்.

வாத்தியார் நோட்டைத் திறந்து பார்த்தார்; மூன்று காட்சிதான் இருந்தது. இனி இன்னொரு தரம் உத்தரவு கேட்க முடியாது. போய்விட்டு உறங்கினேன் என்று பிள்ளையிடம் சொல்லவும் முடியாது. டீக்கன் பதவி கண்முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிப் போவது தெரிந்தது.

“நேசம்...”

“என்ன?”

“சொல்லம்மா.”

இந்த ‘அம்மா’ கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நேசபாய்க்கே சிறிது இரக்கம் வந்துவிட்டது. ஆனாலும் இருபது கழுத்துகளை மறக்கவில்லை.

“சொல்லுகேன். கடைசிப் பாராவை நான் சொல்லுகபடி எழுதணும்.”

வாத்தியார் துண்டை எடுத்து எந்தத் தோளில் போடுவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். “கொள்ளாம்,” என்றார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். நாவலில், மாப்பிள்ளை சந்நியாசியாகி மலையேறிவிடுகிறான். மரகதாம்புஜம் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். அது முந்நூற்று எழுபத்திரண்டாம் பக்கம், அந்த எண் மட்டும் சத்தியம். படத்தில் அதை மாற்றிவிட்டான். மாப்பிள்ளை எங்கேயும் போகவில்லை. கல்யாணச் செலவைக் கண்டு பயந்து, சொந்த வீட்டு நெல்லுப் பத்தாயத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான். 

“அவ ஊரெல்லாம் தேடினாளே?”

“தேடினா. ஆனா முதல் நாளே அவளுக்குத் தெரியும். நாளும் அவன் தூங்கின பொறவு பத்தாயத்துப் பக்கத்திலே சோறு வச்சிட்டுத்தான் மீசையை ஒட்டுவா.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல்லை?”

“ஊரைச் சுத்திப் பாக்க வேற வழி?” என்றாள் நேசபாய்.

திருத்திய கட்டுரை பந்தல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டில் நடுவர் முன் வந்தது. லேஸ் வீட்டில் பெண்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆராய்ச்சிக்காக நாவல் வாசித்துக் கேட்கலாம் என்று கடைசிப் பாரா வேண்டிக்கொண்டது. வழக்கப்படி கமிட்டி அதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டது. பொக்கிஷதாரர் முதல் ஆளாக ஆமோதித்தார். நாவலையும் படத்தையும் தனித்தனியே நிறுத்தி இவ்வளவு நேர்மையாக ஆதாரம் காட்டிய கட்டுரையைத் தம் ஆயுசில் கண்டதில்லை என்று சொல்லிப் பிள்ளை முதல் பரிசைக் கொடுத்தார். வாத்தியார் டீக்கனும் ஆனார்.

அந்த நேர்மை எப்படி வந்தது என்று பனவிளையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதற்கு முந்தின நாள் மாலையில் வாத்தியார் கடைசி அடிக்குறிப்பை எழுதிக் காயவைத்தார். ‘நேரில் கண்டவர்: கட்டுரை ஆசிரியரின் மனைவி நேசபாய், ஒரு முறை. ஆசிரியரும் உடனிருந்தார்.’

நேசபாய் வாசித்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். ‘ஒரு’ என்பதை அடித்து ‘நான்கு’ என்று எழுதினாள்.

“நான் கையெழுத்துப் போடல்லியே, எனக்கென்ன பயம்? பொய் எழுதினா ஆதாரம் நிக்காதுன்னு அந்த ஐயா சொன்னாருல்லா?”

“சரி. இனி திருத்தறதுக்கு ஒண்ணுமில்லையே?”

“இன்னும் ஒரே ஒரு சொல்லு உண்டும். உங்க குறட்டை பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டுது.”

ஆகவே, பனவிளைச் சபைப் பதிவேட்டில் இன்றைக்கும் அந்த அடிக்குறிப்பு இப்படித்தான் இருக்கிறது: ‘நேரில் கண்டவர்: கட்டுரை ஆசிரியரின் மனைவி நேசபாய், நான்கு முறை. ஆசிரியரும் உடனிருந்தார், உறக்கத்தில்.’